ஈதரைத் தேடிய சோதனைகள்: இன்னொரு முறை பார்த்தால் என்ன?

இயற்பியல் படித்த யாரிடமாவது மைக்கேல்சன் - மோர்லி சோதனையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பதில் மூன்றே வரிகளில் வந்துவிடும். ஒளி பயணம் செய்ய ஈதர் என்று ஒரு ஊடகம் இருப்பதாக ஒரு காலத்தில் நம்பினார்கள். 1887ல் இரண்டு பேர் அமெரிக்காவில் அதைத் தேடினார்கள், விடை பூச்சியம். அதனால் ஐன்ஸ்டைன் 1905ல் சார்பியல் கொள்கையைக் கொண்டுவந்தார். தேர்வில் மார்க் வாங்க இது போதும்.

இணையத்தில் கொஞ்சம் துழாவினால் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று கிடைக்கும். 1887ல் வந்த விடை பூச்சியமே இல்லையாம். பிறகு டேட்டன் மில்லர் என்பவர் லட்சக்கணக்கில் அளவீடுகள் எடுத்து ஈதரைக் கண்டே பிடித்துவிட்டாராம். ஐன்ஸ்டைனைக் காப்பாற்றுவதற்காக அதை அமுக்கிவிட்டார்களாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது கதையின் முதல் வரி உண்மை. இரண்டாவது வரியில் பாதி உண்மை. மூன்றாவது வரிதான் சுத்தப் பொய். பாடப்புத்தகத்தை நம்பி வந்த ஒரு மாணவன் 1887ம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பூச்சியம் இல்லை, ஏதோ சின்னச் சின்ன எண்கள் இருக்கின்றன. "அட, ஏமாற்றிவிட்டார்களே!" என்று நினைக்கிறான். அந்தக் கோபத்தில் மூன்றாவது வரியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறான். இதில் பாதிப் பழி பாடப்புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். பழைய சோதனைகளைத் தாராளமாகக் கிளறலாம், கிளறத்தான் வேண்டும். ஆனால் கிளறுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

1887க்கு முன்னால்

ஒளி ஒரு அலை என்பது 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யங், ஃபிரெனெல் ஆகியோரின் உழைப்பால் நிலைபெற்றது. அலை என்றால் அலைய ஏதாவது ஒன்று வேண்டுமே? ஒலிக்குக் காற்று, கடல் அலைக்குத் தண்ணீர், ஒளிக்கு ஈதர். நட்சத்திர ஒளி நம்மை வந்து அடைவதால் ஈதர் வெட்டவெளி முழுவதும் நிறைந்திருக்க வேண்டும். ஒளியின் வேகத்தைத் தாங்க அது எஃகைவிட விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் கோள்கள் தடையில்லாமல் நீந்திப் போகும் அளவுக்கு மெலிதாகவும் இருக்க வேண்டும்! விநோதமான பொருள்தான். ஆனாலும் அன்றைக்கு அதைவிட நல்ல யோசனை யாரிடமும் இல்லை.

பூமி சூரியனை விநாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஈதர் கடலுக்குள் இந்த வேகத்தில் போனால் எதிர்காற்று மாதிரி ஒரு "ஈதர் காற்று" வீச வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் முயற்சி 1887ல் தொடங்கியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு 77 வருடங்களுக்கு முன்பே, 1810ல், பிரான்சில் அராகோ அதை ஆரம்பித்துவிட்டார். தொலைநோக்கியின் முன்னால் ஒரு முப்பட்டகத்தை வைத்து, பூமி நெருங்கிச் செல்லும் நட்சத்திரத்தின் ஒளியும் விலகிச் செல்லும் நட்சத்திரத்தின் ஒளியும் வெவ்வேறு அளவில் வளைகிறதா என்று பார்த்தார். வித்தியாசம் எதுவும் இல்லை.

இதை விளக்க 1818ல் ஃபிரெனெல் ஒரு சூத்திரம் சொன்னார். கண்ணாடி, தண்ணீர் போன்ற பொருட்கள் நகரும்போது தம்முள் இருக்கும் ஈதரை ஓரளவுக்கு மட்டும் இழுத்துச் செல்லும் என்பது அதன் சாரம். 1851ல் ஃபிஸோ, குழாயில் வேகமாக ஓடும் நீருக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். நீர் தன் வேகம் முழுவதையும் ஒளிக்குக் கொடுக்கவில்லை, ஏறத்தாழ 44 சதவீதத்தைத்தான் கொடுத்தது. சூத்திரம் சொன்னதும் அதைத்தான். 1871ல் எய்ரி ஒரு தொலைநோக்கியில் தண்ணீரை நிரப்பி நட்சத்திரங்களைப் பார்த்தார். பூமியின் ஓட்டத்தால் நட்சத்திரம் சற்றுத் தள்ளித் தெரியும் அளவு, தண்ணீர் இருந்தாலும் மாறவில்லை. இதுவும் ஃபிரெனெல் சொன்னபடியே.

இந்தக் காலகட்டத்தை விட்டுவிட்டு நேரடியாக 1887க்குத் தாவுவதால்தான் "ஒரே ஒரு சோதனையில் ஈதர் செத்தது" என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் ஈதர் பல காலமாகவே பிடி கொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

1879ல் மேக்ஸ்வெல், வாஷிங்டனில் இருந்த டாட் என்ற வானியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமியிலேயே ஒளியைப் போய்வர வைத்து அளந்தால், ஈதர் காற்றின் விளைவு பத்துக் கோடியில் ஒரு பங்குதான் இருக்கும், அவ்வளவு சிறியதை அளக்க முடியாது என்று அதில் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் ஆல்பர்ட் மைக்கேல்சன் என்ற 26 வயது கடற்படை அதிகாரியின் கண்ணில் பட்டது. முடியாது என்று மேக்ஸ்வெல் சொன்னதை அவர் சவாலாக எடுத்துக்கொண்டார்.

படகும் ஆறும்

மைக்கேல்சனின் யோசனையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு ஆறு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படகின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். நீரோட்டத்தோடு 100 மீட்டர் போய் எதிர்த்துத் திரும்பி வர எவ்வளவு நேரம்? போகும்போது வேகம் 8, அதாவது 12.5 விநாடி. திரும்பும்போது வேகம் 2, அதாவது 50 விநாடி. மொத்தம் 62.5 விநாடி. இப்போது ஆற்றின் குறுக்கே 100 மீட்டர் போய்த் திரும்புங்கள். நீர் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கப் படகைச் சற்றுச் சாய்த்து ஓட்ட வேண்டும், நிகர வேகம் 4. மொத்தம் 50 விநாடி. தூரம் ஒன்றுதான், நேரம் வேறு. ஆற்றைப் பார்க்காமலே, இந்த நேர வித்தியாசத்தை வைத்து நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

படகுக்குப் பதில் ஒளி, ஆற்றுக்குப் பதில் ஈதர் காற்று. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கைகளில் அனுப்பி, கண்ணாடிகளில் மோதித் திரும்ப வைத்து ஒன்று சேர்த்தால், வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் தெரியும். கருவியைச் சுழற்றினால் இரண்டு கைகளும் இடம் மாறும், பட்டைகள் நகர வேண்டும். இந்தக் கருவிதான் இன்டர்ஃபெரோமீட்டர், தமிழில் குறுக்கீட்டுமானி.

1881ல் பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில் இருந்தபோது மைக்கேல்சன் முதல் கருவியைச் செய்தார். செலவுக்குப் பணம் கொடுத்தது, டெலிபோன் புகழ் கிரகாம் பெல். பெர்லின் தெருக்களின் வண்டிப் போக்குவரத்தில் பட்டைகள் நடுங்கிக்கொண்டே இருந்ததால் கருவியைப் பாட்ஸ்டாமுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் 100 மீட்டர் தள்ளி யாராவது காலை ஓங்கி மிதித்தால் பட்டைகள் காணாமல் போய்விடும். அந்த அளவீட்டில் விலகல் தெரியவில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. குறுக்கே போகும் ஒளிக்கும் தாமதம் உண்டு என்பதை விட்டுவிட்டதால், எதிர்பார்க்கும் விளைவை இரண்டு மடங்காக எழுதியிருந்தார். பொட்டியே என்ற பிரெஞ்சுக்காரரும், பிறகு 1886ல் லோரன்ட்ஸும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆக, இந்தச் சோதனைகளைத் திருத்திப் பார்க்கும் வேலையை முதலில் தொடங்கியவர்கள் அந்தக் காலத்து விஞ்ஞானிகளேதான்.

பூச்சியம் இல்லாத விடை

1887ல் மைக்கேல்சன் அமெரிக்காவில் கிளீவ்லண்டில் இருந்தார். பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் மோர்லியோடு சேர்ந்து புதிய கருவியைக் கட்டினார். 1.5 மீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் கனம் கொண்ட ஒரு மணற்கல் பலகை. அது பாதரசத் தொட்டியில் மிதந்தது. லேசாகத் தள்ளிவிட்டால் போதும், ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணாடிகளுக்கு இடையே ஒளியைப் பல முறை திருப்பி அனுப்பி, ஒவ்வொரு கையின் நீளத்தையும் 11 மீட்டராக ஆக்கினார்கள்.

எதிர்பார்த்த விலகலை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பூமியின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் வர்க்கம் பத்துக் கோடியில் ஒரு பங்கு. 11 மீட்டரை அதால் பெருக்கினால் 110 நானோமீட்டர். கருவியைத் திருப்பும்போது கைகள் இடம் மாறுவதால் அது இரட்டிப்பாகி 220. ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். ஆக, ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர்ந்திருக்க வேண்டும்.

கிடைத்தது என்ன? எதிர்பார்த்ததில் இருபதில் ஒரு பங்குக்கும் நிச்சயம் குறைவு, அநேகமாக நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு என்றார்கள். அதாவது 0.02 பட்டைக்குக் கீழே. "பூச்சியம்" என்று சொல்லவில்லை, "இதைவிடக் குறைவு" என்றுதான் சொன்னார்கள். சோதனை என்பது அப்படித்தான் பேசும். எந்தக் கருவியும் சுத்தமான பூச்சியத்தை அளக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் அளந்தது 1887 ஜூலை 8 முதல் 12 வரைக்குள் நான்கே நாட்கள். பகலில் மூன்று அமர்வு, மாலையில் மூன்று அமர்வு, அமர்வுக்கு ஆறு சுற்று, மொத்தம் 36 சுற்றுகள். பூமியின் திசை மாறும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். செய்யவே இல்லை. "ஒருவேளை அந்த ஜூலையில் மட்டும் பூமி தற்செயலாக ஈதரோடு ஒட்டி நகர்ந்திருந்தால்?" என்று கேட்பவரைக் கிறுக்கன் என்று ஒதுக்க முடியாது. நல்ல கேள்விதான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விலகல் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே விலகலிலிருந்து வேகத்துக்குப் போகும்போது வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விலகல் நாற்பதில் ஒரு பங்கு என்றால் வேகம் நாற்பதில் ஒரு பங்கு ஆகாது, ஆறில் ஒரு பங்கு ஆகும். அதாவது 0.01 பட்டை அளவுக்கு வெறும் நடுக்கம் இருந்தாலே "விநாடிக்கு 5 கிலோமீட்டர் ஈதர் காற்று" என்று எழுதிவிடலாம். கேட்க எவ்வளவு பிரமாதமாக இருக்கிறது! அதுவும் இந்தக் கணக்கில் வேகம் எப்போதும் கூட்டல் எண்ணாகத்தான் வரும். ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் கழித்தல் என்று வந்து சராசரியில் அடிபட்டுப் போக வழியே கிடையாது. "1887ல் 5 முதல் 8 கிலோமீட்டர் வரை கிடைத்ததே" என்று வாதிடுபவர்கள் இந்த வர்க்கமூலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மில்லரின் மலை

ஜூலை சந்தேகத்தைத் தீர்க்க முனைந்தவர்தான் டேட்டன் மில்லர். 1902 முதல் மோர்லியோடு சேர்ந்து பெரிய கருவிகளைக் கட்டினார். கையின் நீளம் 32 மீட்டராக வளர்ந்தது. பள்ளத்தில் இருக்கும் கட்டடங்களுக்குள் ஈதர் காற்று தடுக்கப்படலாம் என்று நினைத்து, 1921ல் கலிஃபோர்னியாவில் 1700 மீட்டருக்கு மேல் உயரமான மவுண்ட் வில்சன் மலைக்குக் கருவியைக் கொண்டுபோனார். 1925 ஏப்ரல், ஆகஸ்ட், செப்டம்பர், 1926 பிப்ரவரி என்று நான்கு பருவங்களில் அளந்தார். ஆயிரக்கணக்கான சுற்றுகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். மைக்கேல்சனும் மோர்லியும் செய்யாமல் விட்டதை இவர் செய்தார். அந்த உழைப்புக்குத் தலை வணங்கத்தான் வேண்டும்.

அவருக்குக் கிடைத்தது விநாடிக்கு சுமார் 10 கிலோமீட்டர். 30 இல்லை, பூச்சியமும் இல்லை.

இதை அமுக்கினார்களா? நடந்ததைப் பாருங்கள். 1925-26ல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தலைவராக இருந்தவர் இதே மில்லர். இந்த வேலைக்காக அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் அவருக்கு 1000 டாலர் பரிசு கொடுத்தது. 1927 பிப்ரவரியில் பாசடீனாவில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. மைக்கேல்சன், லோரன்ட்ஸ், மில்லர் மூவரும் ஒரே மேடையில் பேசினார்கள். ஐன்ஸ்டைனோ, மில்லரின் விடை உறுதியானால் தன் கொள்கை விழுந்துவிடும் என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அமுக்கப்பட்ட ஒருவருக்கு இப்படியா மரியாதை கிடைக்கும்?

அடுத்து என்ன நடந்தது? மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1926ல் கென்னடி, ஹீலியம் நிரப்பி மூடிய கருவியில் பார்த்தார். அதே ஆண்டு பிக்கார்டும் ஸ்டாஹெலும் பலூனில் ஏறிப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் ரிகி மலையில் பார்த்தார்கள். 1930ல் ஜெர்மனியின் யேனாவில் ஜூஸ் இன்னும் துல்லியமாகப் பார்த்து, ஈதர் காற்று இருந்தால் விநாடிக்கு 1.5 கிலோமீட்டருக்குக் குறைவு என்றார். மில்லரின் 10 கிலோமீட்டர் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆயிரத்தில் ஒரு டிகிரி

அப்படியானால் மில்லர் பார்த்தது என்ன? 1941ல் இறப்பதற்கு முன் தன் தாள்களை ஷாங்க்லண்ட் என்ற தன் முன்னாள் மாணவரிடம் விட்டுச் சென்றார். ஷாங்க்லண்டும் மூன்று சகாக்களும் அவற்றை அலசி 1955ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கைகாட்டிய குற்றவாளி, வெப்பநிலை.

இதையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். மில்லரின் கருவியில் ஒவ்வொரு கையிலும் ஒளி போய்வரும் தூரம் 64 மீட்டர். ஒரு கையின் காற்று மற்றதைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் பட்டைகள் நூற்றுக்கு மேல் நகரும். ஆயிரத்தில் ஒரு டிகிரி என்றால் 0.1 பட்டை. விநாடிக்கு 10 கிலோமீட்டர் ஈதர் காற்று வீசினால் அதே கருவியில் தெரிய வேண்டிய விலகலும் கிட்டத்தட்ட 0.1 பட்டைதான்! அதாவது மலை உச்சியில் ஒரு கொட்டகைக்குள், ஒரு பக்கச் சுவர் மறுபக்கத்தைவிடத் துளி சூடாக இருந்து, அதன் சாயல் கருவியின் இரண்டு கைகளில் ஆயிரத்தில் ஒரு டிகிரி வித்தியாசத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தாலே போதும், ஈதர் காற்று வீசியது மாதிரி தெரியும்.

மில்லருக்கு இது தெரியாதா? தெரியும். ஹீட்டர்களை வைத்துச் சோதித்தார், கருவியைச் சுற்றி மூடிப் பார்த்தார், வெப்பம் காரணமில்லை என்று கடைசிவரை சாதித்தார். அவர் உயிரோடு இல்லாதபோது ஷாங்க்லண்ட் தீர்ப்பு எழுதியது சிலருக்கு உறுத்தியது. 1988ல் பொருளாதார நோபல் வாங்கிய மோரிஸ் அல்லே போன்றவர்கள் மில்லருக்காகக் கொடி பிடித்தார்கள். அந்த உறுத்தலும் நியாயமே. "வெப்பமாக இருக்கலாம்" என்பது வேறு, "வெப்பம்தான்" என்பது வேறு.

இந்த இடத்தில்தான் 2006ல் தாமஸ் ராபர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் செய்த மறு ஆய்வு முக்கியமாகிறது. வெப்பமா ஈதரா என்ற சண்டைக்குள் அவர் போகவில்லை. மில்லரின் அசல் தாள்களை எடுத்து, மில்லர் போட்ட சராசரியையே கேள்வி கேட்டார். மில்லர் இருட்டில் கருவியோடு சேர்ந்து நடந்தபடி, ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஒரு அளவு வீதம், பட்டையின் பத்தில் ஒரு பங்கு வரை கண்ணால் மதிப்பிட்டுக் கூவுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். இதற்கிடையில் பட்டைகள் தாமாகவே ஒரு பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நகர்வு, தேடுகிற விளைவைவிடப் பெரியது. அதை மில்லர் நேர்க்கோடு என்று வைத்துக் கழித்துவிட்டு, 20 சுற்றுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, அரைச் சுற்றுகளாக மடித்துச் சராசரி எடுத்தார்.

ஆனால் அந்த நகர்வு நேர்க்கோடு இல்லை, கோணல்மாணலானது. கோணல்மாணலான ஒரு கோட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, அடுக்கி, மடித்து, சராசரி எடுத்தால், மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு அலை மாதிரியே இருக்கும். அந்தத் துண்டின் நீளம்தான் அந்த அலையின் நீளமும். ஈதர் இருந்தால் தெரிய வேண்டியதும் அதே நீளமுள்ள அலைதான்! மில்லர் தேடியதை அவருடைய கணக்கு முறையே செய்து கொடுத்தது. பிழை வரம்பைக் கணக்கிட்டிருந்தால், அது விளைவைவிடப் பெரியது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அவர் காலத்தில் இப்படிப்பட்ட புள்ளியியல் முறைகள் இயற்பியலில் பழக்கத்தில் இல்லை. அதனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைக்கு அதே சராசரியைப் பிழை வரம்பு இல்லாமல் எடுத்துக் காட்டுபவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

வழக்கமாக வரும் மூன்று கேள்விகள்

முதலாவது: "மில்லரின் திசை நட்சத்திர நேரத்தோடு ஒத்துப் போனதே?" மில்லர் 1933ல் எழுதிய முடிவுப்படி சூரியக் குடும்பம் விநாடிக்கு 208 கிலோமீட்டர் வேகத்தில் தெற்கு வானத்தின் டொராடோ விண்மீன் கூட்டத்தை நோக்கிப் போகிறது. 208 எங்கே, கருவியில் தெரிந்த 10 எங்கே? இடையில் எல்லாவற்றையும் சுருக்கும் ஒரு காரணியை அவரே நுழைத்தார், அதற்கு விளக்கம் கொடுக்க அவரால் முடியவில்லை. இன்று வேறு விதமாக இதைச் சரிபார்க்கலாம். பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டால் சூரியன் விநாடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில், சிம்ம ராசியின் பக்கமாகப் போகிறது. மில்லரின் திசைக்கும் இதற்கும் இடையே உள்ள கோணம் கிட்டத்தட்ட செங்கோணம். "மில்லர் அன்றே கண்டுபிடித்தது இதைத்தான்" என்பவர்கள் வான வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது: "சாக்னாக் சோதனை ஈதரை நிரூபித்ததே?" 1913ல் சாக்னாக், சுழலும் மேடையில் ஒளியை எதிரெதிர்த் திசைகளில் சுற்றவிட்டு விலகலைப் பார்த்தார். ஈதர் இருக்கிறது என்று அறிவித்தார். 1925ல் மைக்கேல்சனும் கேலும் இல்லினாயில் நீளமான குழாய்களைப் பதித்து, பூமியின் சுழற்சியையே இந்த முறையில் அளந்தார்கள். எதிர்பார்த்தது 0.236 பட்டை, கிடைத்தது 0.230. எல்லாம் சரிதான். ஆனால் சுழற்சியை வெளியே பார்க்காமலே கண்டுபிடிக்கலாம் என்று சார்பியலும் சொல்கிறது, அதே விலகலைத்தான் கணிக்கிறது. விமானங்களில் இருக்கும் லேசர் கைரோஸ்கோப் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. இரண்டு கொள்கைகளும் ஒரே விடையைச் சொல்லும் சோதனை, யாருக்கும் சாட்சி ஆகாது.

மூன்றாவது: "வெற்றிடத்தில் தெரியாது, வாயுவில் மட்டும்தான் தெரியும்" என்பது புதிய வாதம். கென்னடியின் கருவியில் இருந்ததும் வாயுதான். 1969ல் ஷமீரும் ஃபாக்ஸும் ஒளியைத் திடமான பெர்ஸ்பெக்ஸுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், அப்போதும் ஈதர் அகப்படவில்லை. அதோடு, விளைவு காற்று இருக்கும் இடத்தில் மட்டும் வருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றையா ஈதரையா?

இன்றைய நிலை

1964ல் மேசர், 1979ல் பிரில்லே - ஹால் ஜோடியின் லேசர் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. 2009ல் பெர்லினிலும் டியூசல்டார்ஃபிலும் இரண்டு குழுக்கள் திசைக்குத் திசை ஒளியின் வேகம் மாறுகிறதா என்று பார்த்தன. 1க்குப் பின்னால் 17 பூச்சியம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம், அப்போதும் வித்தியாசம் தெரியவில்லை. 2015ல் வந்த அளவீடு அதையும் 18 பூச்சியத்துக்குக் கொண்டுபோனது. மில்லரின் 10 கிலோமீட்டர் உண்மையென்றால் விளைவு நூறு கோடியில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 2009ன் கருவிகளே அதைவிடப் பத்துக் கோடி மடங்கு சிறியதைப் பிடிக்கக்கூடியவை. வண்டிச் சத்தம் தாங்காமல் மைக்கேல்சன் விட்டு ஓடிய அதே பெர்லினில்!

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைக்கேல்சன் - மோர்லி சோதனை மட்டும் ஈதரைக் கொன்றுவிடவில்லை. 1889ல் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1892ல் லோரன்ட்ஸும், ஈதரில் ஓடும் பொருள் ஓடும் திசையில் சற்றுச் சுருங்கும் என்றார்கள். அப்படிச் சுருங்கினால் விலகல் தெரியாது, ஈதரும் பிழைத்துக்கொள்ளும். ஐன்ஸ்டைனின் 1905ம் ஆண்டுக் கட்டுரையில் மைக்கேல்சன் பெயரே இல்லை. அது காந்தம், கம்பிச்சுருள் என்று மின்காந்தவியலில்தான் தொடங்குகிறது. நட்சத்திர ஒளியின் விலகலும் ஃபிஸோவின் சோதனையுமே தனக்குப் போதுமானவையாக இருந்தன என்று பிற்காலத்தில் ஷாங்க்லண்டிடம் அவரே சொன்னார். ஈதர் இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது இல்லாமலே எல்லாக் கணக்கும் சரியாக வந்தது, அதனால் கைவிட்டார்கள். அவ்வளவுதான்.

பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதற்கு எத்தனை பக்கம் வேண்டும்? ஒரு பத்தி போதும். "0.4 பட்டை எதிர்பார்த்தார்கள், 0.02க்குக் குறைவாக இருந்தது, மீதி கருவியின் நடுக்கம். மில்லர் என்பவர் ஒப்புக்கொள்ளவில்லை, அவருடைய எண்களைப் பிழை வரம்போடு அலசியபோது விளைவு கரைந்துவிட்டது." இப்படி எழுதினால் மாணவன் குழம்பிவிடுவான் என்று பயப்படுகிறார்கள். "பூச்சியம்" என்று எழுதியதால் எத்தனை பேர் குழம்பினார்கள் என்பதை யார் கணக்கெடுத்தது? ஒரு விடையை ஏன் நம்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல் விடையை மட்டும் கொடுத்தால், எதிர்க்கதை ஒன்று வரும்போது மாணவனிடம் பதில் இருக்காது.

சந்தேகப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1887ம் ஆண்டுக் கட்டுரையின் எண்கள் ஒரு சின்ன அட்டவணைக்குள் அடங்கிவிடும், கட்டுரையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சுற்றுக்கு 16 அளவுகள், பகலுக்கு ஒன்று மாலைக்கு ஒன்று. எக்ஸெலில் ஏற்றி வரைபடம் போடுங்கள். பட்டைகள் தாமாக நகர்ந்துகொண்டே போவது கண்ணுக்கே தெரியும். அந்த நகர்வைக் கழித்துவிட்டு, ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். பகலில் வந்த அலையும் மாலையில் வந்த அலையும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அதைச் செய்து முடித்த பிறகும் ஈதர் காற்று வீசுகிறது என்று தோன்றினால், பிழை வரம்போடு எழுதிப் போடுங்கள். அதற்குப் பிறகு விவாதிக்கலாம்.